தரையில் படாத தட்டு

ரோடெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி ஒரு பஸ் போகவில்லை. நடந்து போகிற ஆம்பளையைக்கூடப் போலீஸ் நிறுத்தி உட்காரவைத்தது. மரம் வெட்டியவர்களில் தன் மகனும் ஒருவன் என்பதால் பிச்சைமுத்துவால் யாரையும் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை.

மலையடிவாரத்தில் அவருடைய தங்கை அம்சவள்ளியின் மகள் பெரியவளாகி உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் சீர்த்தட்டு வந்தால்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் இன்னொரு ராத்திரியும் அந்தப் பிள்ளை வாசலுக்கு வெளியே கிடக்க வேண்டும். அதோடு, தூக்கிய தட்டு தங்கை வீட்டு வாசல்வரை தரையில் படக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். பட்டால் திரும்பிப் போய்ப் புதுத்தட்டுதான் எடுக்க வேண்டும்.

அதனால் தட்டைத் தூக்கிக்கொண்டு, அணைத் தண்ணீரில் மீன் பிடிக்கிற முனியனின் பரிசலில் ஏறினார். அவரைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னும் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஒருத்தி கூடையோடு வந்த வளையல்காரி நூர்ஜகான், இன்னொருத்தி கோழி வைத்திருந்த தைலம்மாள். பிச்சைமுத்து மூவரையும் நம்பவில்லை. முனியன் சுற்றுவழியில் போய் ஜாஸ்தி கேட்பான், கோழிக்காரி தட்டிலிருக்கிற பழத்தில் கை வைப்பாள், வளையல்காரிக்கு நம் வழக்கம் எங்கே தெரியப்போகிறது என்று ஆளுக்கொரு குறை வைத்திருந்தார்.

“தட்ட கீழ வெய்யி பெருசு. தண்ணி மேலதான போய்க்கினு இருக்கோம், தரை எங்க கீது?” என்றான் முனியன்.

“உன் வேலய பாரு.”

நடுத் தண்ணீரில் எதிர்காற்று பிடித்தது. பரிசல் சுழன்றது. கல்வராயன் மலை ஒருமுறை முன்னால் வந்தது, பிறகு பின்னால் போனது. மூழ்கிச் செத்த மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்தன. அவையும் சுற்றி வந்தன. நகர்வது பரிசலா மலையா என்று பிச்சைமுத்துவுக்குப் பிடிபடவில்லை. ஓடை வாய்க்கு வந்தால் வழியெல்லாம் பாறை. எல்லோரும் இறங்கினார்கள். முனியனும் தைலம்மாளும் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்க, கோழி நூர்ஜகான் கைக்குப் போனது. பாறை தாண்டி ஆழத் தண்ணீராய் ஒரு மடு, பரிசலில் ஏறினார்கள். மறுபடி பாறை, இறங்கினார்கள். எத்தனை மடு என்று யாரும் எண்ணவில்லை. தட்டைக் கீழே வைக்காமல் ஏந்தியே பிச்சைமுத்துவின் தோள் கழன்றுவிடும்போலிருந்தது. கை மரத்தது.

கடைசி மடு நீளமானது. இரண்டு பக்கமும் மூங்கில் குனிந்திருந்ததால் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. துடுப்பின் சத்தம் தூரத்தில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. தட்டு அவர் மடியைவிட்டு எழுந்து, தண்ணீர்மேல் நிலாவைப்போலப் போயிற்று. அவர் பின்னாலேயே நடந்தார். கால் நனையவில்லை. கரையில் அம்சவள்ளி பாவாடை கட்டிய சிறுமியாக நின்று, “அண்ணா, இன்னா இவ்ளோ நேரம்” என்றாள்.

பதறி விழித்தார். மடி காலியாக இருந்தது. தட்டு நூர்ஜகானின் மடியில் இருந்தது.

“சாஞ்சிட்டீங்க அண்ணே. முதல்ல அந்தக்கா வச்சிருந்தாங்க, அப்புறம் நானு. கீழ வெக்கல.”

அவர் பழங்களைப் பார்த்தார். குறையவில்லை. தட்டின் அடியைத் தடவினார். ஈரமாகத்தான் இருந்தது. பரிசலுக்குள் எது ஈரமில்லை? தைலம்மாள் கோழியைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, மரத்துப்போன கையை உதறிக்கொண்டிருந்தாள். பிச்சைமுத்து தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினார்.

வெயில் மலைமுகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தபோது வீடு வந்தது. ஓரமாகப் போட்ட பச்சை ஓலைக் குடிசைக்குள்ளிருந்து பிள்ளை எட்டிப் பார்த்தாள். தண்ணீர்க் குடங்கள் காத்திருந்தன. தட்டை வாங்க நீட்டிய கையை அம்சவள்ளி பாதியில் நிறுத்தினாள்.

“வழியில எங்கயும் தரையில படலியே?”

பிச்சைமுத்து ஓடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வளையல் கூடையும் கோழியும் மூங்கிலுக்குள் மறைந்துகொண்டிருந்தன.

“படல,” என்றார். “பொண்ணுக்குத் தண்ணிய ஊத்து.”