லெகி பறந்துபோனதாக நான் சொன்னது

பொய் சொல்வதில் நான் ஒன்றும் கைதேர்ந்தவள் இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டால்கூட அதை மறைக்கத் தெரியாமல் முகத்தில் காட்டிக்கொடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் என் புருஷன் ஜுமாலியின் கண்ணைப் பார்த்து, "லெகி பறந்துடுச்சு சாக்" என்றேன். அவரும் நம்பிவிட்டார். அவர் நம்பியதில்தான் எல்லாம் கெட்டது.

லெகி எங்கள் கிளி. பச்சை உடம்பு, ரோஜா நிற மார்பு, மீசை வைத்தது போல அலகுக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஜுமாலி அதைப் பறவைச் சந்தையிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஜாவாக்காரர்களான எங்களுடைய ஐந்து நாள் சந்தை வாரத்தில் அன்று லெகி நாள். அதனால் அந்தப் பெயர். மகளைக் கலிமந்தானில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் வாய் ஓயாமல் பேசியது நானும் லெகியும்தான்.

லெகியின் பேச்சு என்றால் வார்த்தைப் பேச்சு இல்லை. பாக்சோ என்கிற இறைச்சி உருண்டைச் சூப்பு விற்கிறவர் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வருவாரே, அந்த 'டிங் டிங்'கை அப்படியே செய்யும். நானே எத்தனையோ தடவை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி அசடு வழிந்திருக்கிறேன். பின்னால் ஜுமாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஜுமாலியை நானும் சந்துக்காரர்களும் சாக் என்போம், என்னை நிங் துத்திக் என்பார்கள்; அண்ணன், அக்கா மாதிரி மரியாதைச் சொல். அவர் இழுவைக் கப்பலில் சமையல்காரர். பத்து நாள் தண்ணீரில், நாலு நாள் சுரபாயாவில். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கூண்டுக்குப் போய்விடுவார். பெண்டாட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மழைக்காலத்தில் எங்கள் சந்தில் இரண்டு பேருக்கு டெங்கு வந்தது. வியாழக்கிழமை காலை வீடு வீடாகக் கொசுப்புகை அடிப்பார்கள் என்று சந்துத் தலைவர் சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டை வெளியே எடுக்க வேண்டும், பூனையை, பறவையை வெளியே எடுக்க வேண்டும், பிறகு கதவைச் சாத்த வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். முந்தின நாள் ஜுமாலி கப்பலிலிருந்து போன் செய்தார்.

"துத்திக், கூண்டை வெளிய கொண்டு போயிடு. மறந்துடாத."

"எனக்குத் தெரியாதா? நீங்க உங்க மீன் கருகாம பாத்துக்குங்க" என்று வெடுக்கென்று போனை வைத்தேன்.

மறக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. சோற்றுப் பானை, பொரித்த சோயா தெம்பே, சம்பல் உரல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கூண்டுக்கு வந்தபோது தூறல் போட்டது. லெகிக்கு ஈரம் ஆகாது, சளி பிடிக்கும். பக்கத்து வீட்டில் எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கூண்டுக்கு இராத்திரி போடும் உறையைப் போட்டேன். அதன் மேல் ஒரு போர்வையைச் சுற்றி அடியில் செருகினேன். துணி இருக்கிறதே, புகை எப்படிப் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டு மர்ஃபூவாவின் தாழ்வாரத்தில் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிச் சிரித்தோம். திரும்பிப் போய்ப் போர்வையை உருவியபோது உள்ளேயிருந்து புகை வெளியே வந்தது. புகை போகாமல் காக்கும் என்று நினைத்த துணி, போன புகையை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. லெகி கூண்டின் தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. உடம்பில் சூடுகூட ஆறவில்லை.

அன்றுதான் அவர் வருகிற நாள், மதியம் வந்துவிடுவார். சந்து முழுக்க சிமெண்டு, புதைக்க ஒரு பிடி மண் கிடையாது. குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். பதினொரு வருஷம் என் கையால் சோளம் தின்ற பறவையை, மீன் செதிலோடும் முட்டை ஓட்டோடும் போட்டு அனுப்பினேன். பிறகு கூண்டுக் கதவைத் திறந்து வைத்தேன்.

செத்துப்போனது என்பதைவிடப் பறந்துபோனது என்பது அவருக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். என்ன புத்தி இது! செத்ததைச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு ஓய்ந்திருப்பார். பறந்ததைத் தேடாமல் எப்படி இருப்பார்?

"எந்தப் பக்கம் போச்சு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஆத்துப் பக்கம்."

"அப்ப வந்துடும். பசிச்சா வந்துடும். உன்னை ஒண்ணும் சொல்லலை, அழாத."

அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பள்ளிவாசலுக்குப் போய் ஒலிபெருக்கியில் சொன்னார். லெகி என்ற கிளியைக் காணவில்லை, பார்த்தவர்கள் ஜுமாலி வீட்டில் சொல்லுங்கள் என்று மூன்று தடவை. மர்ஃபூவாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏன் சாக், நிங் துத்திக் காணாம போனா இப்படி மைக்கு புடிப்பீங்களா?"

"அவளுக்கு வீட்டுக்கு வழி தெரியும். அதுக்குத் தெரியாதே" என்றார் இவர்.

கப்பலைப் பழுது பார்க்கக் கரையேற்றியிருந்தார்கள், இவருக்கு எட்டு நாள் வேலை இல்லை. காலையிலும் மாலையிலும் கூரைமேல் ஏறி, பப்பாளித் துண்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுவார். டிங் டிங். முதல் நாள் சந்தே ஏமாந்துபோய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தது, ஒரே சிரிப்பு. ஐந்தாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் மர்ஃபூவா சன்னலைச் சாத்திக்கொள்வாள். அவர் ஏறி முடித்ததும் நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

சோறு இறங்கவில்லை அவருக்கு. கன்னம் ஒட்டிப்போயிற்று. எட்டாம் நாள் கப்பலிலிருந்து கூப்பிட்டார்கள். "இன்னும் ஒரு வாரம் லீவு வேணும் கேப்டன்" என்று இவர் கெஞ்சுவது கேட்டது. அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, போனை வைத்துவிட்டு, "வேற ஆளைப் பாத்துக்கறாங்களாம். பாக்கட்டும்" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. விடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். எட்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார். துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் ஒரு கிளி. ஜுமாலி பெட்டியைத் திறந்தார். அதே பச்சை, அதே ரோஜா மார்பு, அதே மீசை. அவர் ஒரு நொடிதான் பார்த்தார்.

"இது இல்லைங்க."

"எங்க பக்கம் நாலு சந்துலயும் கேட்டுட்டேன். யாருமே தேடலை. எங்க வீட்டுல மூணு பூனை. நீங்களே வெச்சுக்குங்களேன்" என்றார் அந்த ஆள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது. உள்ளே அது நகத்தால் அட்டையைப் பிறாண்டியது.

"கூண்டுல விடுங்க சாக். பாவம்."

"வேணாம். லெகி வந்து பாத்தா, என் இடத்துல வேற ஒண்ணை வெச்சுட்டாங்கன்னு திரும்பிப் போயிடும்."

ஐம்பத்தாறு வயது மனுஷன், கடலில் எத்தனையோ புயலைப் பார்த்தவர், குழந்தை மாதிரி அதைச் சொன்னார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"லெகி வராது சாக். செத்துடுச்சு. நான்தான் கொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். தூறல், உறை, போர்வை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க புதைச்ச?"

நான் அட்டைப்பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன். அவர் மறுபடி கேட்டார்.

"குப்பை வண்டியில" என்றேன்.

திட்டுவார், அடித்தாலும் சரி என்றுகூட நினைத்தேன். "ஒம்பது நாள் ஏணியைப் புடிச்சுக்கிட்டு நின்னியே துத்திக். பாத்து ஏறுங்கன்னு சொன்னியே" என்றார். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டார்.

இருட்டும் நேரம். இந்த மனுஷன் இனி வீட்டுக்கு வரமாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். நடந்ததைச் சந்தில் சொல்லிவிடுவார், நாளைக்கு எந்த முகத்தோடு தண்ணீர் பிடிக்கப் போவது என்ற பயமும் கூடவே வந்தது. அந்த நேரத்திலும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொழுகை முடிந்து ஒலிபெருக்கி கரகரத்தது. அவர் குரல்தான்.

"சகோதர சகோதரிகளே, அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் லெகி கிடைத்துவிட்டது. தேடி உதவிய எல்லாருக்கும் நன்றி. இனி யாரும் தேட வேண்டாம்."

ஒரு தடவைதான் சொன்னார். வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, அந்தப் பறவையை எடுத்துக் கூண்டில் விட்டார். அதற்குள் சந்தே திரண்டு வந்துவிட்டது. மர்ஃபூவா வாழைப்பழத்தோடு வந்தாள்.

"இளைச்சுப் போச்சே! வெளியூர் சாப்பாடு ஒத்துக்கல போல. லெகி, ஏ லெகி, எங்கடி சுத்திட்டு வர? நிங், இனிமே கதவை ஒழுங்கா சாத்துங்க."

"சரி" என்றேன்.

கப்பலில் எப்படியோ அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். போவார், வருவார். செருப்பை முதலில் கழற்றுவார். கூண்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார், சோளம் வைப்பார், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னோடும் பேசினார். அரிசி தீர்ந்தது, மகள் போன் செய்தாள், அந்த மாதிரி. மற்றவர்கள்தான் வருகிறபோதும் போகிறபோதும் சன்னலில் நின்று லெகி, லெகி என்று கொஞ்சிவிட்டுப் போவார்கள். அது எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நாலாவது தடவை அவர் வீட்டில் இருந்தபோது, ஒரு காலை நேரம், மர்ஃபூவா வழக்கம்போலச் சன்னலில் வந்து நின்று கூப்பிட்டாள். அந்தக் கிளி தலையைத் திருப்பியது. கம்பியோரமாக நகர்ந்து வந்து அவள் விரலுக்கு அலகை நீட்டியது.

ஜுமாலி காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். இத்தனை நாளில் அன்றுதான் முதல் தடவை. கிட்டே போய் அவர் தோளைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. வெளியே நின்றவளுக்கு எதுவும் தெரியாது. அவள் "லெகி, லெகி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அது ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தது.