எட்டாம் வரிசை, மூன்றாவது கல்

இடுகாட்டின் பழைய காவலாளியை நான் நாற்பத்தொரு முறை திட்டியிருக்கிறேன். வாயால் அல்ல, எழுத்தில். அவர் எழுதி வைத்த அடக்கப் பதிவேட்டுக்கும் தரையில் இருக்கும் கற்களுக்கும் பொருந்தாத இடங்கள் நாற்பத்தொன்று. நான் எழுதும் ஊர் வரலாற்றின் கடைசியில் ‘பதிவேட்டின் பிழைகள்’ என்று தனிப் பகுதியே போட்டிருந்தேன். ‘காவலாளி நிதானத்தில் இருந்துதான் எழுதினாரா என்பது ஐயமே’ என்று அடிக்குறிப்பு வேறு. செத்தவரா எழுந்து வந்து மறுப்புச் சொல்லப் போகிறார் என்ற தைரியம்.

நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. இரண்டு வருட ஞாயிறுகளை அந்த இடுகாட்டில்தான் கழித்தேன். தேங்காய் நாரும் தண்ணீருமாய்க் கற்களைத் தேய்த்து, எழுத்து இருந்தால் படித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் எண் போட்டேன். முக்கால்வாசிக் கற்களில் எழுத்தே கிடையாது. எழுத்து வெட்டக் கூலி கொடுக்க முடியாதவர்கள் வெறும் கல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்கு முகவரி என்று இருந்ததெல்லாம் பதிவேட்டில் உள்ள வரிசை எண்ணும் கல் எண்ணும்தான்.

இந்த வருடம் சாலையை அகலப்படுத்த ஏழாம் வரிசையிலிருந்து பன்னிரண்டாம் வரிசை வரை எடுத்துக்கொண்டார்கள். உரிமை கோரும் குடும்பத்துக்கு ஒரு சமாதியைப் புது இடத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் தையல்காரர் என்னைத் தேடி நூலகத்துக்கு வந்தார். அவருக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். புகைப்படம்கூட இல்லை. பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: எட்டாம் வரிசை, மூன்றாவது கல்.

நான் அவரைக் கூட்டிப்போய், வாசல் பக்கத்திலிருந்து எண்ணி, மூன்றாவது கல்லைக் காட்டினேன். விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். அறுபது வயது மனிதர் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லையும் அடியில் இருந்ததையும் புது இடத்துக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. கடை திறக்கும் முன் தினமும் அங்கே போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நேற்று சாயங்காலம் என் மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள். பள்ளி ஆசிரியை அவள். தேர்வு மேற்பார்வை முடிந்து வந்தவளிடம் கடைசிப் பகுதியைப் பிழை பார்க்கக் கொடுத்திருந்தேன்.

“என்னங்க, தப்பெல்லாம் ரெட்டைப்படை வரிசையிலயே வருது?”

“அந்த ஆள் ரெட்டைப்படையில மட்டும் குடிச்சிருப்பான்.”

“விளையாடாதீங்க. தேர்வு அறையில நாங்க எப்படி எண் போடுவோம்? ஒரு வரிசை முன்னாலேருந்து பின்னால, அடுத்தது பின்னாலேருந்து முன்னால. பாம்பு மாதிரி. வாசல்லேருந்து சுவர் வரைக்கும் எழுதிட்டுப் போன மனுஷன், திரும்ப வாசலுக்கு நடந்து வந்தா ஆரம்பிப்பாரு? சுவர்ப் பக்கத்துலேருந்தே அடுத்த வரிசையை எண்ணிட்டு வந்திருப்பாரு.”

பதிவேட்டையும் என் வரைபடத்தையும் விரித்து, எழுத்துள்ள கற்களைச் சுவர்ப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்றும் பொருந்தின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிதானம் இல்லாமல் எழுதியது யார் என்று விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். எட்டு, இரட்டைப்படை. தையல்காரரின் அம்மா சுவரிலிருந்து மூன்றாவது. இருபது கல் உள்ள அந்த வரிசையில் நான் மாற்ற வைத்தது பதினெட்டாவது எண். பதிவேட்டில் அதற்கு நேரே ‘வழிப்போக்கர், ஆண், பெயர் தெரியவில்லை’ என்று இருந்தது.

காலையில் நகராட்சி அலுவலகம் திறக்கும்போதே போய் நின்றேன். எழுத்தர் கோப்பைத் திறக்கவே இல்லை.

“ஒரு குடும்பத்துக்கு ஒரு இடமாற்றம் சார். முடிஞ்சுபோச்சு.”

“மாத்தினது அவங்க அம்மாவே இல்லைங்க!”

“சாட்சி யாரு?”

“நான்தான்.”

“அப்போ நல்லாப் பார்த்துட்டுத்தானே போட்டிருப்பீங்க?”

கோபத்தில் மேசையைத் தட்டினேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? எய்தவன் நானாக இருக்கும்போது அம்பை நொந்து என்ன பயன்? எட்டாம் வரிசையில் நேற்றே இயந்திரம் இறங்கிவிட்டதாக அவரே சொன்னார்.

தையல்காரர் கடைக்கு எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. பொய் சொல்லிவிடலாம் என்று வழி நெடுக மனசு சொல்லிக்கொண்டே வந்தது. அவர் அங்கே பேசிக்கொண்டிருக்கட்டும், யாருக்கு நஷ்டம்? ஆனால் என்னைக் கண்டதும் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “வாங்க சார், உங்க புண்ணியத்துல அம்மாவைப் பார்த்துட்டு இப்பதான் வந்தேன்” என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, “அங்க இருக்கறது யாரு?” என்று கேட்டார்.

“யாரோ வழிப்போக்கர். பேர் தெரியாது.”

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே எழுந்து வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

எட்டாம் வரிசை இருந்த இடத்தில் ஜல்லி பரப்பியிருந்தார்கள். கற்கள் ஒரு மூலையில் உடைந்து குவிந்து கிடந்தன. சுவர் மட்டும் நின்றது. ரோலர் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

“ஒவ்வொரு கல்லுக்கும் நடுவுல நாலரை அடி. வரைபடத்துல குறிச்சிருக்கேன். சுவர்லேருந்து நான் அளந்து காட்டறேன்.”

“நீங்க அளக்க வேணாம் சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவரில் நாடாவின் நுனியை வைத்தார். நாடா ஐந்து அடிதான். முடிந்த இடத்தில் விரலை ஊன்றி, மறுபடி வைத்து, ஜல்லியில் முழங்காலால் நகர்ந்துகொண்டே போனார். ரோலர் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். தையல்காரர் திரும்பவில்லை. ஓட்டுநர் என்ன நினைத்தாரோ, இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

அந்த அமைதியில் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அம்மா, ஒரு மாசமா வேற வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்தேன்மா.”