குனிந்த அதிகாரி

நாடகத்துக்கு இன்னும் இரண்டே நாள். கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஒத்திகை. லாரி வராத அந்த முக்கால் மணி நேரத்தை விட்டால் எங்களுக்கு வேறு நேரம் கிடையாது.

கதை இதுதான்: வேலை கேட்டு வரும் ஒரு மூட்டைத் தொழிலாளியை, சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து முதலாளியும் கணக்குப்பிள்ளையும் விழுந்து விழுந்து கவனிக்கிறார்கள். நான் முதலாளி. பில் போடுகிறவர் கணக்குப்பிள்ளை. அதிகாரி என்று எல்லாரும் நினைக்கும் ஆள், கொக்கி. இருபத்தாறு வருஷம் மூட்டை சுமந்து வளைந்த முதுகுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"நிமிர்றா!" என்று கத்தினார் வெல்டர். நாடகத்தை நடத்துவது அவர்தான்.

"நிமிர்ந்துதாண்ணே நிக்கிறேன்."

சிரித்தோம். வெல்டர் சிரிக்கவில்லை. "உன்னைய அதிகாரின்னு எவன் நம்புவான்? பில்காரர் அதைப் பண்ணட்டும். நீ வாட்ச்மேன். பேசாம ஸ்டூல்ல உக்காந்திரு."

கொக்கி அதிகாரி வேஷத்துக் கோட்டைக் கழற்றவில்லை. "பொண்ணு வர்றாண்ணே. ஆபீஸ்ல கூட இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வர்றா. அவ படிக்கிறப்போ நான் பள்ளிக்கூடத்து கேட் பக்கமே போனதில்ல. அவ வராதேன்னு சொல்லல, நானாத்தான் போகல. இப்ப அவளா வர்றேங்கிறா. ஸ்டூல்ல உக்காந்திருக்கிறதையா பாக்கணும்?"

"சரி, கடைசியா ஒரு தடவை செய்."

நான் கும்பிட்டுக் குனிந்தேன். அப்போதும் என் தலை கொக்கியின் தலைக்கு மேலேதான் இருந்தது. பெரியவர்கள் முன் குனிந்தே பழகிய என் உடம்பு தானாக இன்னும் தாழ்ந்தது. எனக்கும் கீழே போக வேண்டுமே என்று பில்காரர் குனிந்தார். நாற்காலியிலேயே காலம் தள்ளிய முதுகு தாங்காமல் குப்புற விழுந்தார்.

"பரவால்ல, எந்திரிங்க," என்றான் கொக்கி, அதிகாரிக் குரலில். "இவ்வளவு மரியாதை வேணாம்."

சிரிப்பில் கிடங்கே அதிர்ந்தது. வெல்டர் பென்சிலை எடுத்துத் தாளில் எழுதினார். "இதையே வச்சுக்குவோம். அவனுக்குக் கீழதான் எல்லாத் தலையும் இருக்கணும். டேய் கொக்கி, நீ நிமிர்ந்தியோ, அவ்வளவுதான்!"

நாடகத்தன்று முன்வரிசையில் அவன் மகள், பக்கத்தில் அவள் ஆபீஸ்காரர்கள் மூன்று பேர். கடைசிக் காட்சியில் நான் முழங்காலில், பில்காரர் தரையோடு தரையாக. மேடையில் கொக்கியை விட உயரமானவர் யாருமில்லை. மண்டபம் சிரித்து ஓயவில்லை.

அப்போது பில்காரர் முனகினார். "முதுகு பிடிச்சுக்கிச்சு. எந்திரிக்க முடியல."

கொக்கி யோசிக்கவே இல்லை. ஒரு கை இடுப்பில், ஒரு கை தோளில்; ஒரே வீச்சில் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, கோட்டோடு நடந்தான். சீரான நடை. கால் தடுமாறவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "ஏய், இது நடிப்பா, நிஜமா?"

"நிஜந்தான்," என்றாள் மகள். எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா வேலையே அதுதான்."

பின்வரிசை வரைக்கும் கேட்டது.