அண்ணிக்கு ஒரு கிண்ணம் காப்ளர்

என் கணவரின் அக்காவுக்கு எங்கள் குடும்பத்தில் ஆம்புலன்ஸ் என்று பெயர். அண்ணியின் முகத்துக்கு நேராகவே சொல்வோம், அவரும் சிரிப்பார். யாராவது விழுந்துவிட்டால், யாருக்காவது ஆபரேஷன் என்றால், அடுத்த வண்டியில் பையோடு வந்து இறங்கிவிடுவார். காரியம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார். நல்ல நாளில் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. கேட்டால், “பள்ளிக்கூட வேனை உங்கப்பனா ஓட்டுவான்?” என்று தம்பியை அதட்டுவார். தன் அப்பாவும் அவர்தான் என்பது அப்போது ஞாபகம் வராது.

குளியலறையில் வழுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்தபோதும் அப்படித்தான் வந்தார். தலை வாரிவிட்டார், உடை மாட்டிவிட்டார். வலி தாங்காமல் நான் முனகினால் திட்டினார். திட்டிக்கொண்டே தலையணையை உயர்த்தி வைத்தார். கட்டுப் பிரித்த பிறகு ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, “அமுக்கு, அழுதுக்கிட்டே அமுக்கு” என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தையல்கடையில் வேலை. கை இல்லாவிட்டால் நான் ஒன்றுக்கும் உதவமாட்டேன். அந்தக் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் அண்ணிதான்.

அவருக்கு எப்படி நன்றி சொல்வது? நம் வீடுகளில் சொந்தக்காரர்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் மேடையில் மைக் பிடித்த மாதிரி இருக்கும். துணி எடுத்துக் கொடுத்தால் நம் பீரோவிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். கொடுக்க மட்டுமே தெரிந்த மனுஷி. இந்தத் தடவையும் எதையும் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டால் என் மனசு ஆறாது.

ஒரே ஒரு தடவை அவர் தனக்காக எதையோ ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்த நாளில், ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு சின்னக் கிண்ணம். அடியில் கொதித்துச் சிவந்த பெர்ரிப் பழம், மேலே பொன்னிற மாவு. காப்ளர் என்றார்கள், கேக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. அண்ணி கடைசியில் விரலால் கிண்ணத்தை வழித்தார். நான் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

அவர் ஊருக்குக் கிளம்பும் நாளில் அதைச் செய்வது என்று முடிவு கட்டினேன். தையல்கடையில் என்னோடு வேலை பார்ப்பவள் போனில் செய்முறை சொன்னாள். தட்டில் வெண்ணெயை உருக்கு. மைதா, சர்க்கரை, பால், கொஞ்சம் பேக்கிங் பவுடர் கலந்து அதன்மேல் ஊற்று. பழத்தை மேலே தூவு. “அதுக்கப்புறம் கரண்டியே போடாதே. மாவு தானா மேலே ஏறி வந்து பழத்தை மூடிக்கும்.”

என் கை மாவு கலக்கும் அளவுக்குத் தேறவில்லை. வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவருக்குப் பெயின்ட் கடையில் வேலை. நாள் முழுக்க டப்பாவைத் திறப்பதும் குச்சியால் கலக்குவதும்தான். அடியில் துளி தங்கினாலும் அவருக்குத் தூக்கம் வராது. இது தெரிந்தும் அவரிடம் தட்டைக் கொடுத்துவிட்டு ஓவனைச் சூடாக்கத் திரும்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் கலக்கிக்கொண்டிருக்கிறார். மூலை முடுக்கு விடாமல்.

“ஐயோ, என்னங்க பண்றீங்க!”

“அடியில வெண்ணெய் தனியா நின்னுச்சும்மா. பழம் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். அதான் ஒண்ணாக்கினேன்.”

எல்லாம் ஒரே ஊதா. வேறு பழம் இல்லை, கடைக்கு ஓட நேரமும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கலரைப் படுக்கையறைக்குக் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க” என்றார். அந்த நேரத்தில் அவரை நான் பார்த்த பார்வைக்கு வேறு ஆளாயிருந்தால் பொசுங்கியிருப்பார்.

வேறு வழியில்லாமல் அப்படியே ஓவனில் வைத்தேன். வெளியே வந்தபோது பொன்னிறமும் இல்லை, மொறுமொறுப்பும் இல்லை. சாம்பல் ஊதாவில் ஒரு கனத்த பலகை. அண்ணி கையில் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்கெதுக்கும்மா இதெல்லாம்? வண்டிக்கு நேரமாச்சு,” என்று வழக்கம்போல் ஆரம்பித்தவர், தட்டைப் பார்த்ததும் நின்றார். “என்ன இது?”

“காப்ளர், அண்ணி.”

தட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். “கலக்கிட்டானா?”

நான் தலையாட்டினேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்ததே, அப்படி ஒரு சிரிப்பு! நிற்க முடியாமல் பையைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “சின்ன வயசுல என் பால் டம்ளரைக்கூட விடமாட்டான். குடு, பாப்போம்.”

ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தேன். புளிப்பும் இனிப்பும் நன்றாகத்தான் இருந்தது; பார்க்கத்தான் சகிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துத் தானாகவே கிண்ணத்தை நீட்டினார், இன்னும் கொஞ்சம் என்று. இத்தனை வருஷத்தில் அவர் எங்களிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது விட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

“அண்ணி, நீங்க இல்லேன்னா எனக்குக் கை இல்ல. என்ன சொல்றதுன்னு தெரியல. அடுத்த மாசம் சும்மா ஒரு தடவை வாங்க.”

கரண்டி நின்றது. “ஏன், யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா வாங்க. உக்காந்து சாப்பிடுங்க. போங்க.”

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “சும்மா வான்னு என்னை யாரும் கூப்பிட்டதில்லம்மா” என்றார்.

நல்ல நாளுக்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறோம்தான். ஆனால் வந்தால் அங்கேயும் அவருக்கு அடுப்படி வேலை காத்திருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று அவரை வண்டி ஏற்றிவிட்டு வந்தோம். வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் துளைக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது.

“கை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு அண்ணி.”

“தம்பி?”

“அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்கார்.”

“வேற யாருக்கும் காய்ச்சல், தலைவலி?”

“ஒண்ணும் இல்ல அண்ணி. எல்லாரும் நல்லா இருக்கோம்.”

“சரி,” என்றார் அண்ணி. “அப்ப கிளம்பி வர்றேன்.”