ஈரக் காலுக்கு ஆகாத தரை

ஜேம்ஸ் வீட்டில் தினமும் மாலை நாலே முக்காலுக்கு ஒரு குழந்தையின் ஈரக் காலடிகள் வாசலில் தொடங்கி, ஹாலைக் கடந்து, சமையலறை மேடைக்கு முன்னால் போய் முடியும். மொத்தம் இருபத்திரண்டு. ஆள் மட்டும் இருக்காது. அமிர்தியைத் தாண்டி ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையில், முதல் வளைவுக்குக் கீழே இருக்கிறது வீடு. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், ஆனால் நேரத்துக்குப் போக வேண்டும். ஐந்தரைக்குப் போய் நின்றுகொண்டு, ஒன்றையும் காணோமே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்த மேதாவிகள் எங்கள் ஊரில் நாலைந்து பேர் உண்டு.

காலடிகள் ஜூடியுடையவை. ஜேம்ஸுக்கும் சாந்தாமேரிக்கும் ஒரே மகள். இரண்டாயிரத்துப் பதினைந்து நவம்பரில், ஊரே நனைந்து ஊறிக் கிடந்த அந்த மழையில், ஒன்பது வயதில், வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் போய்விட்டாள். அந்த வருடம்தான் ஜேம்ஸ் ஆசையாக வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு முழங்கால்வரை சேறோடு வந்து வாசலில் நின்ற மகளிடம், அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்த சாந்தாமேரி, "சேத்துக் காலோட உள்ள வராதடி, போய்க் கழுவிக்கினு வா" என்று சொன்னாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. குழந்தை ஓடைக்குப் போனது. மூன்றாம் நாள் கண்ணமங்கலத்துக்கு இந்தப் பக்கம் கிடைத்தாள். அடக்கம் முடிந்த மறுநாள், சொன்னபடி காலைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை.

பங்குச் சாமியார் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். அதன் மேலேயே கால் வைத்து ஜூடி வந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பள்ளிக்கூடம் விட்டுப் புள்ள வூட்டுக்கு வருது, இதுக்கு நான் இன்னா ஜெபம் பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊரும் விட்டுவிட்டது. சாந்தாமேரி ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஷூவின் மேல்பாகத் தோல்களை வாங்கி வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுத்தாள். அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும், வேறு காரணம் இல்லை. அளவு எழுதாத தோலையும் கண்ணால் பார்த்தே நம்பர் சொல்லுகிறவள் அவள். மகளின் காலடியை முதல் நாள் பார்த்ததும் முப்பத்திரண்டு என்று சொன்னாள், எட்டு வருடம் கழித்தும் அது முப்பத்திரண்டாகவே இருந்தது. கூடப் படித்த பெண்கள் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கத் தொடங்கிவிட்டார்கள். தினமும் ஒரு துணியை எடுத்து இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பாள் சாந்தாமேரி. ஒரு வார்த்தை பேசமாட்டாள். அன்று வாசலில் அவள் சொன்னதைப் பற்றி அவளும் ஜேம்ஸும் அந்த எட்டு வருடத்தில் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

ஜேம்ஸ் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். மண்ணில் பதிந்த குளம்பைப் பார்த்து, மானா பன்றியா, நடந்ததா ஓடியதா, குடித்துவிட்டுப் போனதா குடிக்கப் போனதா என்று சொல்லிவிடுவான். மகளின் காலடியை மட்டும் அவனால் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலரைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவான். இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழியில் காலை முறைக்கு மாற்றிப் போட்டதால், தினமும் மூன்று மணிக்கே வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. எத்தனை நாள்தான் வெளியே ஓடுவது? ஒருநாள் குனிந்து பார்த்தான். இருபத்திரண்டில் ஒன்றில்கூடக் குதிகால் இல்லை. "டைல்ஸ் சில்லுனு கீது சாந்தா. நுனிக்கால்ல நடக்குறா" என்றான். எட்டு வருடமாகக் குழந்தை குளிரில் நடந்திருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி அழுதான். சாந்தாமேரி துணியை எடுத்து ஒற்றத் தொடங்கினாள். துடைத்த தரையில் குழந்தைகள் ஏன் நுனிக்காலில் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் அமிர்தியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதிக்கு ரோந்து போனபோது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறிய ஜேம்ஸ் அப்படியே நின்றுவிட்டான். மார்கழி விடியலில் தரை சில்லென்று இல்லை. மூங்கிலைப் பிளந்து, அவித்து, பசை போட்டு அழுத்திச் செய்த பலகைகள் என்று விளக்கினார் தரை போட வந்திருந்த வேலூர் பஞ்சாட்சரம். மிச்சம் இருக்கும் பெட்டிகள் ஒரு ஹாலுக்குக் காணும் என்றும் சொன்னார். ஆனாலும் தொழில் சுத்தமான மனிதர். வீட்டைப் பார்க்காமல் போடமாட்டேன் என்று, ஈரம் பார்க்கும் மீட்டரோடு நேரில் வந்தார். வந்தது நாலே முக்காலுக்கு. காலடிகள் அவர் பக்கத்தில் கடந்து போயின. அவர் மீட்டரின் ஊசியைக் காலடியில் வைத்து அளந்து, நோட்டில் 'தினமும் ஈரம் உண்டு' என்று குறித்துக்கொண்டார். "கரையான் வராதுங்க, அதுக்கு மருந்து கீது. வெயில் பட்டா கொஞ்சம் வெளுக்கும், அவ்ளோதான். ஆனா தண்ணி மட்டும் ஆவாதுங்கண்ணே. உப்பிக்கும், கறுத்துடும். இந்த வூட்டுக்கு வேணாம்" என்றார்.

மார்கழி முடியும்வரை வீட்டில் இதே பேச்சு. மாதிரிப் பலகையை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டே நாளில் ஓரம் பிரிந்தது. தரை கெட்டால் கெடட்டும், குழந்தைக்குக் கால் கதகதப்பாக இருக்கட்டும் என்பது ஜேம்ஸ் கட்சி. சாந்தாமேரியின் பயம் வேறு. "தர மாறுனா அடையாளம் தெரியாம போய்ட்டா இன்னாங்க பண்றது? நமக்கு இருக்கறதே இருவத்திரண்டு அடிதான்" என்றாள். கடைசியில் ஜேம்ஸ் கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்தான். பொங்கல் முடிந்த கையோடு, வாசலருகே மூன்றடி டைல்ஸை மட்டும் விட்டுவிட்டு ஹால் முழுக்க மூங்கில் போட்டாயிற்று. வேலை முடிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சாட்சரம் ஹால் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார்: "நல்லா கேட்டுக்கோங்க. ஈரக் காலோட மட்டும் யாரும் இதுல ஏறக் கூடாது." மணி அப்போது நாலு நாற்பது.

அன்று காலடிகள் டைல்ஸ் முடிகிற இடம்வரை வந்து நின்றுவிட்டன. அந்த இடத்தில் கையளவு தண்ணீர் தேங்கியது. பிறகு வாசல் பக்கம் திரும்பிய காலடிகள் தெரிந்தன. மறுநாளும் அப்படியே. பத்து நாள் அப்படியே. சாந்தாமேரி தையலைத் தொடவில்லை, சோறும் ஒழுங்காக இறங்கவில்லை. "எம் புள்ளய ரெண்டாவது தடவ தொரத்திட்டோம். பேத்துப் போடுங்க" என்றாள். முதல் தடவையைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் முறை. பதினோராம் நாள் ஜேம்ஸ் கடப்பாரையோடு வந்து முட்டி போட்டு உட்கார்ந்தான். பலகையை நெம்பக் குனிந்தவன் கண்ணில், தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் டைல்ஸ் மேல் இருந்த தீற்றல்கள் பட்டன. வலது காலால் இடப்பக்கமும் இடது காலால் வலப்பக்கமும், குறுக்கும் நெடுக்குமாக, பத்துப் பதினைந்து தடவை இழுத்த தடம். காட்டில் இப்படி ஒரு தடத்தை அவன் பார்த்ததில்லை, ஆனால் பார்த்ததும் புரிந்தது. கடப்பாரையைக் கீழே வைத்தான்.

"வூடு தெரியாம நிக்கல சாந்தா. சொன்னத கேட்டுக்கினு நிக்கறா. கால தொடச்சித் தொடச்சிப் பாக்குறா. ஈரம் போவல."

ஓடையோடு போன குழந்தைக்குக் கால் எப்படிக் காயும்? சாந்தாமேரி எழுந்து வந்தாள். டைல்ஸும் மூங்கிலும் சேர்கிற இடத்தில், தேங்கிய தண்ணீருக்கு எதிரே உட்கார்ந்தாள். "அம்மா சொன்னது தப்புடி கண்ணு" என்றாள். "சேறோ ஈரமோ, அப்படியே வா. உன்ன இனிமே யாரும் கழுவிக்கினு வரச் சொல்லமாட்டோம். வாடி பாப்பா உள்ள." எட்டு வருடமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்து, தரையில் தலை வைத்து, ஊர் கேட்க அழுதாள். ஜேம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. முதலில் ஒன்று, மூங்கிலில். பிறகு இன்னொன்று. அவளைச் சுற்றிக்கொண்டு சமையலறைவரை போயின, ஒவ்வொன்றிலும் குதிகாலோடு.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பஞ்சாட்சரம் அந்தப் பக்கம் வேலைக்கு வரும்போதெல்லாம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். வாசலிலிருந்து சமையலறைக்கு ஒரே வரிசையில் பலகைகள் உப்பிக் கறுத்துவிட்டன, குதிகால் விழும் இடங்களில் ஓரம் பிரிந்து நிற்கிறது. அந்தப் பலகைகளை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார், இருவரும் வேண்டாம் என்றார்கள். மூங்கிலின் கதகதப்புதான் குழந்தையைக் குதிகால் ஊன்ற வைத்தது என்று ஜேம்ஸ் எல்லோரிடமும் சொல்வான். சாந்தாமேரி மறுத்துப் பேசுவதில்லை. அவள் துணி எடுத்துத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். நாலரைக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தைக்க உட்காருவாள், நாலே முக்காலுக்கு "வந்துட்டியா" என்று நிமிராமலேயே கேட்பாள். ஈரம் ஐந்தேகாலுக்குள் தானாகக் காய்ந்துவிடும்.