முப்பது மேற்கோள் பரிசம்

பெண் கேட்டு வந்த பெய்லின் நீட்டிய, உலர்ந்த கடல் அட்டை அடுக்கிய பரிசுப் பெட்டியைப் பேராசிரியர் ஷி ஹோங்கான் ஒற்றை விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"பரிசப் பணமெல்லாம் வேண்டாம் தம்பி."

சீனத்துத் தாலியன் நகரில், எங்கள் வினையூக்கி ஆய்வுக் குடியிருப்பில், இப்படியும் ஒரு மாமனாரா என்று வாயைப் பிளந்திருப்போம். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது.

"உங்க ஆய்வகத்துக் கட்டுரைங்கள்ல என் ஜியோலைட் கட்டுரையை மேற்கோள் காட்டணும். முப்பது தடவை."

மனிதர் பாடு அப்படி. பிறர் கட்டுரையில் பெயர் வந்தால்தான் இந்தத் துறையில் ஆள் உயிரோடிருப்பதாகக் கணக்கு. ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தை ஆராய்ந்து நாற்காலி பிடித்தவர் ஷி. இப்போது ஊரே ஒற்றையணு வினையூக்கியின் பின்னால் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் பெய்லினின் ஆய்வகம் முன்வரிசை. ஷியின் கட்டுரையை ஈகூட மொய்ப்பதில்லை.

பெய்லின் மனசுக்குள் கூட்டிக் கழித்தான். "இருபதுன்னா முடியும், மாமா."

மகள் மின்யூ உணவுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். அவளும் அதே துறையில் முனைவர்தான். அதை இருவரும் மறந்திருந்தார்கள்.

"அப்பாதான் விலை சொல்றாரு. நீ பேரம் வேற பேசறியா?"

பெய்லின் பெட்டியோடு கிளம்பினான். மறுவாரமே அவள் தனி அறை பார்த்துக்கொண்டு போனாள். பெண்ணுக்குத் திமிர் என்று படிக்கட்டெல்லாம் பேச்சு. நானும் கொஞ்சம் பேசினேன்.

வசந்தத்தில் மின்யூவின் கட்டுரை வந்தது. ஒற்றையணுவை ஜியோலைட்டுக்குள் உட்கார வைக்கும் வேலை. அப்பாவின் செய்முறையை நேர்மையாகச் செய்து பார்த்ததாகவும், அவர் சொன்ன விளைவு வரவேயில்லை என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வழியில் இறங்கிய ஆய்வகமெல்லாம் தானும் செய்து பார்த்தது. வரவில்லை என்று எழுதி, அடியில் மேற்கோளாக ஷியின் பெயரைப் போட்டது.

இலையுதிர் காலத்துக்குள் மேற்கோள் முப்பதைத் தாண்டிவிட்டது. நிறுவன வாசலில் சிவப்புத் துணியில் ஷிக்கு வாழ்த்துத் தொங்கியது. ஷி மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பரிசம் தானா வந்து சேந்துடுச்சும்மா. பெய்லினை வரச் சொல்லவா?"

"ஒண்ணையாவது படிச்சீங்களாப்பா? உங்க கட்டுரை தப்புன்னு எழுதியிருக்காங்க. முதல்ல எழுதினதே நான்தான்."



"தப்புன்னு எழுதினா என்னம்மா," என்றார் ஷி, "எண்ணிக்கையில சேருதுல்ல?"