நான்கு டிஸ்க்கின் வரிசை

ராம்குமார் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். வாசலில் இரண்டு பால் பாக்கெட் கிடந்தன. ஒன்று போதும் என்று பால்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டையும் காய்ச்சினான். ஒரு டம்ளர் குடித்துவிட்டு ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினான்.

அங்கிருந்த ஸ்டுடியோக் கிளையில், மனைவியின் அண்ணன் சோலைராஜ் மச்சான் வீடியோக்களைச் சேர்த்துவைக்கும் சர்வரின் பவர் வயரைப் பிடித்தபடி நின்றார். வெளியே வத்திராயிருப்பு பழைய சாமான் வியாபாரியின் வண்டி.

"இந்தக் கிளைய மூடியாச்சு. டிஸ்க்க அழிச்சு அவன்ட்ட தள்ளிருதேன்."

"வேண்டாம் மச்சான்."

"ஏன்? எல்லா வீடியோவுக்கும் ராஜபாளையத்துல ஒரு காப்பி இருக்குன்னு நீதான மாப்ள பீத்துன? எந் தங்கச்சியத்தான் ஒழுங்கா பாக்கத் தெரியல. இந்தப் பொட்டியையாச்சும் பாத்தியா?"

வாயை மூடிக்கொண்டால் ஊரார் கல்யாண வீடியோவில் பாதி இன்றோடு போகும். திறந்தால், மனைவி மாரிச்செல்வி லாரியில் அடிபட்டுச் செத்த அன்று எதற்கு இந்த ஊருக்குக் கிளம்பினாள் என்பது தெரிந்துபோகும். கோயிலுக்கு என்றுதான் நாற்பது நாளாகச் சொல்லிவந்தான்.

மச்சான் வயரை இழுக்கப் போனார்.

"செத்த நேரம் பொறுங்க."

கீபோர்டை இழுத்து 'அடுக்கு' என்று தட்டினான். மாரிச்செல்வி எழுதிய கமாண்ட். எது எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்று கறுப்புத் திரையில் கட்டம் கட்டிக் காட்டும். நான்கு கட்டங்கள் வந்தன. ராஜபாளையத்து இரண்டும் ஒரு ஜோடி. ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டும் ஒரு ஜோடி.

"மொதல்ல செட்டப் பண்ணும்போது அடுத்தடுத்து பேரு எழுதுற ரெண்டு டிஸ்க்குதான் ஜோடி சேரும். ஒரு வீடியோவோட ரெண்டு காப்பியும் ஒரு ஜோடிக்குள்ளதான். ஊர மாத்தி மாத்தி எழுதியிருக்கணும். நான் ஒரே ஊரு டிஸ்க்க சேத்து எழுதிட்டேன். பாதி வீடியோவுக்கு ரெண்டு காப்பியும் இந்தப் பொட்டிக்குள்ளதான்."

"எப்பலே தெரியும்?"

"இந்தக் கமாண்ட எழுதுன அன்னைக்கே அவ கண்டுபிடிச்சிட்டா. ஒரு வாரம் சொன்னா. மாத்தணும்னா இங்க வந்து டிஸ்க்கக் கழட்டணும்."

"நீ வரல."

"எனக்கே பாடம் எடுக்காதன்னுட்டேன்."

வெளியே ஹாரன் அடித்தது. "பொட்டி இல்ல, போலே!" என்று வியாபாரியைப் பார்த்துக் கத்திவிட்டு சோலைராஜ் வயரிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப அவ கோயிலுக்கு வரல."

"இல்ல."

"கடைசியா சிரிச்சுக்கிட்டே 'போயிட்டு வாரேன்'னு சொன்னான்னு எங்கம்மாட்ட சொன்னியே, நாயே. அதுவும் பொய்யா? என்ன சொன்னா?"

ராம்குமார் திரையைப் பார்த்தபடியே அவள் சொன்னதைச் சொன்னான்.

"நீங்க மாத்த வேண்டாம், நானே மாத்திக்கிடுதேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சாவி எங்க?"